நீரிலும் மண்ணிலும் நோய்க்கிருமியைத் தேடும் மரபணுச் சோதனைகள்: ஒரு 'பாசிட்டிவ்' முடிவை எப்படிப் படிப்பது?

2015 பிப்ரவரியில், நியூயார்க் நகரச் சுரங்க ரயில் நிலையங்களின் இருக்கைகள், கைப்பிடிகள், பயணச்சீட்டு இயந்திரங்கள் ஆகியவற்றைப் பஞ்சுக்குச்சியால் துடைத்தெடுத்து, அதில் ஒட்டிய டி.என்.ஏ. முழுவதையும் வரிசைப்படுத்திய ஆய்வு ஒன்று வெளியானது. கிடைத்த டி.என்.ஏ.வில் ஏறக்குறையப் பாதி, அதுவரை அறியப்பட்ட எந்த உயிரினத்தோடும் பொருந்தவில்லை. ஆனால் தலைப்புச் செய்தியானது வேறொன்று: பிளேக், ஆந்த்ராக்ஸ் ஆகிய நோய்களை உண்டாக்கும் பாக்டீரியாக்களின் டி.என்.ஏ. துணுக்குகள் சில இடங்களில் இருப்பதாக அந்தக் கட்டுரை கூறியிருந்தது. நகரச் சுகாதாரத் துறை உடனே மறுப்புத் தெரிவித்தது. சில மாதங்களில் ஆய்வாளர்களே கட்டுரையைத் திருத்தி, அவ்விரண்டு கிருமிகளும் அங்கே இருந்ததற்கு வலுவான சான்று இல்லை என்று பதிவு செய்தார்கள். வரிசைப்படுத்தும் கருவி எழுத்துகளைச் சரியாகத்தான் படித்திருந்தது. அந்த எழுத்துகள் யாருடையவை என்று முடிவுகட்டியதில்தான் பிழை நேர்ந்தது.

சுற்றுச்சூழல் மாதிரிகளில் நோய்க்கிருமியைத் தேடும் மூலக்கூறுச் சோதனை எதுவானாலும், அது விடையளிக்கும் கேள்வி மிகக் குறுகியது: இந்தச் சிறு குழாயில் உள்ள கரைசலில் இன்ன வரிசையமைப்புக் கொண்ட டி.என்.ஏ. துண்டு இருக்கிறதா? சோதனையைக் கேட்டு வாங்குபவரின் கேள்வியோ வேறு: இந்த நீரைக் குடிக்கலாமா, இதில் குளிக்கலாமா, இந்தக் கட்டடத்தின் காற்றைச் சுவாசித்தால் நோய் வருமா? முன்னதன் விடையிலிருந்து பின்னதன் விடைக்குப் போகும் வழியில் பல படிகள் உள்ளன; ஒவ்வொரு படியிலும் ஓர் ஊகம் ஒளிந்திருக்கிறது. ஆய்வக அறிக்கையில் 'கண்டறியப்பட்டது', 'கண்டறியப்படவில்லை' என்று ஒற்றைச் சொல்லில் வரும் முடிவைப் படிக்க வேண்டுமானால், அந்தப் படிகளை அறிந்திருப்பது அவசியம்.

பழைய முறையிலிருந்து தொடங்குவோம். 1884-இல் ராபர்ட் கோக் கல்கத்தாவில் ஒரு குளத்து நீரில் காலராக் கிருமியைக் கண்டறிந்த காலம் முதல், நுண்ணுயிரியைத் தேடுவது என்றால் அதை வளர்ப்பது என்றே பொருள். இன்றும் குடிநீர்ச் சோதனையின் அடிப்படை அதுதான். 100 மில்லிலிட்டர் நீரை 0.45 மைக்ரோமீட்டர் துளையுள்ள சவ்வில் வடிகட்டி, அந்தச் சவ்வை ஊட்டப்பொருள் கலந்த அகார் தட்டின்மீது விரித்து, ஒரு நாள் வெப்பப்பெட்டியில் வைத்து, முளைத்த புள்ளிகளை எண்ணுகிறார்கள். பெரும்பாலும் தேடப்படுவது நோய்க்கிருமி அன்று, ஈ.கோலி என்ற சுட்டி உயிரி. மலம் கலந்திருந்தால் அது இருக்கும். அது இருந்தால் டைபாய்டு, காலரா, வயிற்றுப்போக்குக் கிருமிகளுக்கும் வழி திறந்திருக்கிறது என்பது தர்க்கம். குடிநீரின் எந்த 100 மில்லிலிட்டர் மாதிரியிலும் ஈ.கோலி தென்படக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் சொல்வதும் இந்தத் தர்க்கத்தின் மேல்தான் நிற்கிறது. மலத்தோடு தொடர்பே இல்லாமல் நீரிலேயே குடியிருக்கும், நுரையீரல் அழற்சி உண்டாக்கும் லெஜியோனெல்லா போன்ற கிருமிகளுக்கு இந்தச் சுட்டி உதவாது.

வளர்ப்பு முறையின் குறைகள் இரண்டு. ஒன்று, காலம்: ஈ.கோலிக்கு ஒரு நாள் போதும், லெஜியோனெல்லாவுக்குப் பத்து நாள் வரை ஆகலாம். மற்றொன்று, எல்லாக் கிருமியும் தட்டில் வளர்வதில்லை. நுண்ணோக்கியில் எண்ணும்போது தெரியும் உயிரணுக்களில் மிகச் சிறு பங்குதான் தட்டில் முளைக்கிறது என்ற முரண்பாட்டுக்கு 1985-இல் ஸ்டேலியும் கோனோப்காவும் பெயரே சூட்டினார்கள். அதற்கு மூன்றாண்டுகள் முன்பே ரீட்டா கால்வெல்லின் குழு, காலராக் கிருமியும் ஈ.கோலியும் கடல் நீரிலும் கழிமுக நீரிலும் உயிரோடு இருந்துகொண்டே தட்டில் வளர மறுக்கும் நிலைக்குச் செல்கின்றன என்று காட்டியிருந்தது. குளிர், உப்பு, பட்டினி, குளோரின் போன்ற நெருக்கடிகளில் பாக்டீரியா எடுக்கும் தற்காப்பு நிலை இது. தட்டு வெறுமையாக இருக்கும். நீர் வெறுமையாக இருக்காது.

இந்த இடத்தில்தான் பாலிமரேஸ் தொடர்வினை என்ற பி.சி.ஆர். வந்து சேர்ந்தது. 1983-இல் கேரி முல்லிஸ் வகுத்த இந்த முறையில், தேடும் மரபணுத் துண்டின் இரு முனைகளிலும் பொருந்தும் பிரைமர்கள் எனும் குறுந்துண்டுகள் ஒட்டிக்கொள்ள, இடையிலுள்ள பகுதியை ஒரு நொதி படியெடுக்கிறது. ஒவ்வொரு சூடாக்கிக் குளிர்விக்கும் சுழற்சியிலும் படிகள் இரட்டிப்பாவதால், முப்பது சுழற்சிகளில் ஒன்று நூறு கோடியாகிறது. கொதிக்கும் வெப்பத்தையும் தாங்கி உழைக்கும் அந்த நொதி, யெல்லோஸ்டோன் பூங்காவின் வெந்நீர் ஊற்றில் தாமஸ் பிராக்கும் ஹட்சன் ஃப்ரீஸும் கண்டெடுத்த ஒரு பாக்டீரியாவிலிருந்து வந்தது. சுற்றுச்சூழல் மாதிரிகளை ஆராயும் கருவியே ஒரு சுற்றுச்சூழல் மாதிரியிலிருந்து பிறந்தது என்பது இத்துறையினர் சொல்லி மகிழும் செய்தி. 1990-களில் வந்த நிகழ்நேர பி.சி.ஆர்., படிகள் பெருகப் பெருக ஒளிர்வை அளந்து, எத்தனையாவது சுழற்சியில் ஒளி எல்லையைத் தாண்டுகிறது என்பதைக் கொண்டு தொடக்க அளவைக் கணக்கிடுகிறது. சுழற்சி எண் ஏறத்தாழ 3.3 குறைந்தால் தொடக்கத்தில் பத்து மடங்கு அதிகம் இருந்தது என்று பொருள். மாதிரி ஆய்வகத்துக்கு வந்த மூன்று நான்கு மணி நேரத்தில் முடிவு கிடைத்துவிடும்.

இத்தனை நுட்பமான சோதனை, ஒரே ஒரு மூலக்கூறையும் பிடித்துவிடும் என்று பரவலாக எழுதப்படுகிறது. குழாய்க்குள் வந்த மூலக்கூறைப் பொறுத்தவரை அது உண்மை. ஆனால் நீரிலிருந்து குழாய்க்கு வரும் வழியைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் படம் மாறும். 100 மில்லிலிட்டர் நீரில் ஒரு நோய்க்கிருமியின் பத்து உயிரணுக்கள் இருப்பதாகவும், தேடும் மரபணு ஒவ்வொன்றிலும் ஒரு படி இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். வடிகட்டி, உயிரணுக்களை உடைத்து, டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, 100 மைக்ரோலிட்டர் கரைசலாக்குகிறார்கள். அதிலிருந்து 5 மைக்ரோலிட்டர்தான் பி.சி.ஆர். குழாய்க்குள் போகிறது, அதாவது இருபதில் ஒரு பங்கு. வழியில் ஒரு மூலக்கூறுகூட வீணாகவில்லை என்றாலும் குழாய்க்குச் சராசரியாக அரைப் படிதான் வந்து சேரும். நிகழ்தகவுக் கணக்குப்படி, இப்படிப்பட்ட குழாய்களில் 61 விழுக்காட்டில் ஒரு படியும் இருக்காது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முறை 'உண்டு' என்ற விடை வர வேண்டுமானால் குழாய்க்குச் சராசரியாக மூன்று படிகள் வேண்டும். அதற்கு நீரில் 60 உயிரணுக்கள் இருந்தாக வேண்டும். பிரித்தெடுப்பில் பாதி வீணாகிவிட்டால், அது சாதாரணமாக நடப்பதுதான், இந்த எண்ணிக்கை 120 ஆகிறது. பழைய அகார் தட்டிலோ, சவ்வில் சிக்கிய பத்து உயிரணுக்களும் வளரும் நிலையில் இருந்தால் பத்துப் புள்ளிகளாக முளைக்கும். பழைய முறை மந்தமானது, ஆனால் சவ்வில் விழுந்த அனைத்தையும் பார்க்கிறது. புதிய முறை கூர்மையானது, ஆனால் சிறு பங்கைத்தான் பார்க்கிறது. 'கண்டறியப்படவில்லை' என்ற மூலக்கூறு முடிவைப் பெறும் எவரும் முதலில் கேட்க வேண்டியது, எவ்வளவு நீர் வடிகட்டப்பட்டது, அதில் எத்தனை பங்கு குழாய்க்குள் போனது என்பதே. இந்த இரண்டு எண்களும் இல்லாத அறிக்கையை நான் பாதி அறிக்கையாகவே கருதுவேன்.

இதற்கு மாற்றுவழிகள் உண்டு. பத்து லிட்டர், ஐம்பது லிட்டர் என்று பெரிய அளவு நீரை மீநுண் வடிகட்டிகளில் செறிவூட்டலாம். அல்லது வடிகட்டிய சவ்வை ஊட்டக் குழம்பில் ஓர் இரவு ஊறவிட்டு, பெருகிய கிருமிகளின்மேல் பி.சி.ஆர். நடத்தலாம், சால்மோனெல்லா தேடலில் இதுவே நடைமுறை. ஒன்றிரண்டு உயிரணுக்கள்கூட லட்சங்களாகிவிடும், உயிருள்ளவையே பெருகும் என்பதால் இறந்தவற்றின் தொல்லையும் குறையும். ஆனால் தொடக்கத்தில் எத்தனை இருந்தன என்ற கணக்கு போய்விடும். குழம்பில் வளர மறுக்கும் நிலையில் இருப்பவை மீண்டும் தப்பிவிடும். கழிவுநீருக்கு இன்னும் எளிய உத்தி ஒன்று உண்டு. 1940-களில் இங்கிலாந்தில் பிரெண்டன் மூர், மருத்துவமனைகளில் பயன்படும் வலைத்துணியைச் சுருட்டிக் கயிற்றில் கட்டிச் சாக்கடைக்குள் சில நாட்கள் தொங்கவிட்டு, பாராடைபாய்டு கிருமியை அதில் பிடித்தார். கிளைக் கால்வாய் ஒவ்வொன்றிலும் இதைச் செய்துகொண்டே மேல்நோக்கிப் போனால், கிருமியைச் சுமந்து திரியும் நபரின் வீடு வரை சென்றடையலாம். ஒரு கணத்தில் மொண்டெடுத்த நீரைக் காட்டிலும் நாட்கணக்கில் ஓடிய நீரின் தடயம் அந்தத் துணியில் தங்குகிறது. மூரின் துணி இன்றும் வழக்கில் இருக்கிறது. அதைப் பிழிந்தெடுத்த நீரின்மேல் இப்போது பி.சி.ஆர். நடக்கிறது, அவ்வளவுதான் மாற்றம்.

அடுத்த சிக்கல் மாதிரியோடு சேர்ந்து வரும் அழுக்கு. மண்ணிலும் ஆற்றுப் படிவிலும் தாவரங்கள் மக்கியதால் உண்டான ஹியூமிக் அமிலங்கள் உள்ளன. டி.என்.ஏ.வோடு சேர்ந்தே பிரிந்து வரும் இவை, பி.சி.ஆர். நொதியைச் செயலிழக்கச் செய்யும் தடுப்பான்கள். பிரித்தெடுத்த கரைசல் தெளிவாக இல்லாமல் தேநீர் நிறத்தில் இருந்தால் அனுபவசாலிகள் உடனே எச்சரிக்கை அடைவார்கள். ஆபத்து என்னவென்றால், கிருமி இல்லாத குழாயும் நொதி முடங்கிய குழாயும் திரையில் ஒரே மாதிரித் தட்டையான கோட்டைத்தான் காட்டும். எனவே ஒவ்வொரு குழாயிலும் தெரிந்த அளவு வேறொரு டி.என்.ஏ.வைச் சேர்த்து, அது பெருகுகிறதா என்று பார்க்கிறார்கள். உள்கட்டுப்பாடு எனப்படும் அதுவும் பெருகவில்லை என்றால் அந்த முடிவு 'இல்லை' அன்று, 'செல்லாது'. பத்து மடங்கு நீர்த்துப் பார்ப்பது எளிய பரிகாரம். தடுப்பானோடு கிருமியின் டி.என்.ஏ.வும் பத்து மடங்கு குறையும் என்பது அதற்குக் கொடுக்கும் விலை.

எந்த மரபணுவைத் தேடுவது என்பதுதான் இந்தத் துறையின் இதயப் பகுதி. எல்லா பாக்டீரியாக்களிலும் உள்ள 16 எஸ் ரைபோசோம் மரபணு, ஏறத்தாழ 1,500 எழுத்துகள் கொண்டது. குடும்பத்தையும் பேரினத்தையும் சொல்லிவிடும். ஆனால் நோய் உண்டாக்குவதும் உண்டாக்காததும் அந்த மரபணுவில் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். ஈ.கோலியையும் சீதபேதி உண்டாக்கும் ஷிகெல்லாவையும் அது பிரித்துக்காட்டாது. போதாக்குறைக்கு, பி.சி.ஆர். நொதி பெரும்பாலும் ஈ.கோலியில் வைத்துத் தயாரிக்கப்படுவதால், நொதிக் குப்பியிலேயே பாக்டீரியா டி.என்.ஏ. சிறிதளவு ஒட்டியிருப்பதுண்டு. ஆகவே கவனம், நோய் உண்டாக்கும் வேலையைச் செய்யும் மரபணுக்களின் பக்கம் திரும்பியது: காலராவுக்கு அதன் நச்சு மரபணு, சால்மோனெல்லாவுக்குக் குடல் சுவரைத் துளைக்க உதவும் மரபணு, லெஜியோனெல்லா நிமோஃபிலாவுக்கு மிப் மரபணு, இப்படி.

இதிலும் இயற்கை குறுக்கே நிற்கிறது. நோய் மரபணுக்களில் பல, கிருமியின் நிலையான சொத்து அல்ல. வந்து போகும் சரக்கு. காலரா நச்சு மரபணு, பாக்டீரியாவைத் தாக்கும் பேஜ் எனும் வைரஸ் ஒன்றுக்குள் இருப்பதாக 1996-இல் வால்டரும் மெக்கலானோஸும் காட்டினார்கள். ஆறுகளிலும் கழிமுகங்களிலும் வாழும் காலரா இனத்து பாக்டீரியாக்களில் பெரும்பாலானவற்றில் அந்த மரபணு இல்லை. இனத்தைக் கண்டுபிடித்தேன் என்பதால் காலரா ஆபத்தைக் கண்டுபிடித்ததாகாது. சில ஈ.கோலி வகைகளைக் கொடியவையாக்கும் ஷிகா நச்சு மரபணுவும் அப்படியே பேஜ் வழியே பயணிக்கிறது. பேஜ் துகள்கள் நீரில் தனியாகவும் மிதப்பதால், நச்சு மரபணு இருக்கிறது என்ற விடை வந்த நீரில் அந்த ஈ.கோலி ஒன்றுகூட இல்லாமல் போகலாம். தலைகீழான நிலையும் நேர்ந்ததுண்டு. 2011-இல் ஜெர்மனியில் 3,800-க்கும் மேற்பட்டோரை நோயில் தள்ளி, 50-க்கும் மேற்பட்டோரைக் கொன்ற ஈ.கோலி, ஷிகா நச்சு மரபணுவைப் பெற்ற வேறொரு வகை. குடல் சுவரில் ஒட்டிக்கொள்வதற்கு வழக்கமாகத் தேடப்படும் துணை மரபணு அதில் இல்லை. இரண்டும் சேர்ந்திருந்தால்தான் ஆபத்து என்று வகுக்கப்பட்ட சோதனை அதைக் குறைவாகவே மதிப்பிட்டிருக்கும். முளைகட்டிய வெந்தயமே காரணம் என்று தடமறிந்த பிறகும், சந்தேகத்துக்குரிய விதைகளிலிருந்து அந்தக் கிருமியைப் பிரித்தெடுக்க முடியவில்லை.

நியூயார்க் ஆந்த்ராக்ஸ் செய்தியிலும், எந்த வரிசையமைப்பை அடையாளமாகக் கொள்வது என்பதில்தான் பிழை நேர்ந்தது. ஆந்த்ராக்ஸ் பாக்டீரியாவும், மண்ணில் எங்கும் காணப்படும் பேசிலஸ் சீரியஸும் மிக நெருங்கிய உறவினர்கள். நோய்ப் பண்பைச் சுமக்கும் பிளாஸ்மிட் எனும் வளையங்களின் பகுதிகள்கூட இரண்டிலும் தென்படுவதுண்டு. ஆந்த்ராக்ஸ் கிருமிக்கே உரிய அடையாளங்களில் ஒன்று, ஓர் ஒழுங்குபடுத்தும் மரபணுவில் உள்ள ஒற்றை எழுத்து மாற்றம். அந்த இடத்தைத் தனியே பார்க்காமல், 'பெரும்பாலும் பொருந்துகிறது' என்பதைக் கொண்டு பெயர் சூட்டினால் சீரியஸ் ஆந்த்ராக்ஸாகிவிடும். இதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே, 2003 அக்டோபரில், உயிரியல் தாக்குதலை முன்கூட்டி அறிய அமெரிக்க நகரங்களில் வைக்கப்பட்ட காற்று வடிகட்டிகளில், ஹூஸ்டனில் துலரேமியா நோய்க்கிருமிக்கான அடையாளம் அடுத்தடுத்த நாட்களில் கிடைத்தது. தாக்குதல் எதுவும் நடக்கவில்லை. பிறகு அந்நகரின் மண்ணையும் நீரையும் ஆராய்ந்தபோது, அதுவரை யாரும் பெயரிடாத நெருங்கிய உறவினங்கள் அங்கே இயல்பாகவே வாழ்வது தெரியவந்தது. ஒரு சோதனையின் தனித்தன்மை, நமக்குத் தெரிந்த உயிரினங்களோடு ஒப்பிட்டுத்தான் நிறுவப்படுகிறது. நோயாளியின் ரத்தத்தில் இது பெரிய குறையன்று, பாதி டி.என்.ஏ. அடையாளம் தெரியாத மாதிரியில் இது முதன்மையான குறை.

உயிருள்ளதா, இறந்ததா என்ற கேள்வியை எல்லோரும் எழுப்புவார்கள், நியாயமான கேள்விதான். மண்ணில் உள்ள நுண்ணுயிர் டி.என்.ஏ.வில் சராசரியாக 40 விழுக்காடு, இறந்துபோன அல்லது உடைந்துபோன உயிரணுக்களுடையது என்று 2016-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. குளோரின் கலந்து கிருமியைக் கொன்ற நீரிலும் அதன் டி.என்.ஏ. சில காலம் தங்கும். பிரித்தறிய, சிதைந்த உயிரணுக்களுக்குள் மட்டும் நுழைந்து, ஒளி பட்டதும் டி.என்.ஏ.வோடு பிணைந்து, படியெடுக்க விடாமல் தடுக்கும் புரோபிடியம் மோனோஅசைடு என்ற சாயத்தைப் பயன்படுத்துகிறார்கள். சவ்வு கிழியாமலே கொல்லும் புறஊதாக் கதிருக்கு முன் இந்த உத்தி தோற்றுவிடும், கலங்கிய நீரில் ஒளியும் சரியாகப் புகாது. எனினும் இறந்த கிருமியின் டி.என்.ஏ. பொய்த் தகவல் என்று ஒதுக்கிவிடுவதும் சரியாகாது. கழிவுநீர் கலக்கும் கடற்கரைகளில் குளித்தவர்களைப் பின்தொடர்ந்த அமெரிக்க ஆய்வுகளில், மலக் கலப்பைக் காட்டும் மற்றொரு சுட்டி உயிரியான என்டெரோகாக்கஸ் பாக்டீரியாவின் டி.என்.ஏ. அளவு வயிற்றுநோயோடு ஒத்துப்போனது. பாக்டீரியா மடிந்தாலும் அதோடு வந்த வைரஸ்கள் அதைவிட நெடுநாள் தாக்குப்பிடிக்கும். சுட்டி உயிரியைத் தேடும்போது உயிர் இருக்கிறதா என்பதைவிட மலம் கலந்ததா என்பதே கேள்வி. நோய்க்கிருமியையே தேடும்போது உயிர் இருக்கிறதா என்பதே முழுக் கேள்வி.

அந்த ஆய்வுகளின் பின்னணியில், 2012-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை குளிக்கும் நீருக்கான தன் அளவுகோல்களில் மரபணு முறைக்கும் இடமளித்தது. 2022 மே மாதம் சான் டியேகோ மாவட்டம் கடற்கரை நீர்ச் சோதனையை எண்ணிம பி.சி.ஆர். முறைக்கு மாற்றியது. மாதிரியைப் பல்லாயிரம் நுண்துளிகளாகப் பிரித்து, எத்தனை துளிகள் ஒளிர்கின்றன என்று எண்ணும் இந்த முறையில் அன்றைய நீருக்கு அன்றே விடை கிடைக்கிறது. பழைய முறையில் நேற்றைய நீருக்கு இன்று எச்சரிக்கைப் பலகை வைப்பார்கள். எல்லையும் மாறியது. 100 மில்லிலிட்டருக்கு 104 பாக்டீரியா என்ற வளர்ப்பு எல்லைக்குப் பதிலாக 1,413 டி.என்.ஏ. படிகள் என்பது எச்சரிக்கை எல்லையானது. பதின்மூன்று மடங்கு தளர்ந்துவிட்டதாக இதைப் படிக்கக் கூடாது. ஒரு பாக்டீரியாவில் தேடும் மரபணு பல படிகளாக இருக்கலாம், வளராதவையும் எண்ணப்படுகின்றன. இரண்டும் வெவ்வேறு அலகுகள்.

எல்லா டி.என்.ஏ.வையும் ஒருசேரப் படிக்கும் முறை, கையடக்க நானோதுளை வரிசைப்படுத்தி, 60 முதல் 65 பாகை வெப்பத்தில் ஒரே நிலையில் நடக்கும் லேம்ப் முறை, கிரிஸ்பர் சார்ந்த சோதனைகள் என்று புதியன வந்தபடி உள்ளன. களத்துக்கே கருவியைக் கொண்டுபோகும் வசதியில் அவை முன்னேற்றம்தான். மேலே சொன்ன செறிவூட்டல், தடுப்பான், மரபணுத் தேர்வு, உயிர்நிலை ஆகிய நான்கில் எதையும் அவை தம்மளவில் தீர்ப்பதில்லை என்பதால் இங்கே விரிக்கவில்லை.

வளர்ப்பு, பி.சி.ஆர். ஆகிய இரண்டு முறைகளும் எப்படிச் சேர்ந்து உழைக்க வேண்டும் என்பதை லெஜியோனெல்லாவில் காணலாம். 1976-இல் ஃபிலடெல்ஃபியாவில் முன்னாள் படைவீரர் மாநாட்டை ஒட்டி 182 பேரைத் தாக்கி 29 பேரைக் கொன்ற இந்த நோயின் கிருமி, அடுத்த ஆண்டு ஜனவரியில்தான் அடையாளம் காணப்பட்டது. இன்று அதற்கு வளர்ப்பு முறைக்கு ஐ.எஸ்.ஓ. 11731, பி.சி.ஆர். முறைக்கு ஐ.எஸ்.ஓ. 12869 என இரு தரநிலைகள் உள்ளன. 2015 கோடையில் நியூயார்க்கின் தெற்கு பிராங்க்ஸ் பகுதியில் 138 பேர் நோயுற்று 16 பேர் இறந்தபோது, அப்பகுதிக் கட்டடங்களின் குளிர்விப்புக் கோபுர நீர் முதலில் பி.சி.ஆர். மூலம் சலிக்கப்பட்டது. அதில் கிருமி தென்படாதவற்றை ஒதுக்கிவிட்டு, தென்பட்டவற்றின்மேல் கவனத்தைக் குவிக்க முடிந்தது. ஆனால் கிருமி இருந்த கோபுரங்கள் பல. அவற்றுள் நோயைப் பரப்பியது எது என்று பி.சி.ஆர். முடிவால் சொல்ல இயலவில்லை. கோபுர நீரிலிருந்து வளர்த்தெடுத்த பாக்டீரியாவின் முழு மரபணுத் தொகுதியை நோயாளிகளின் நுரையீரலிலிருந்து வளர்த்தெடுத்ததோடு ஒப்பிட்ட பிறகே ஒரு கோபுரம் உறுதியானது. உயிருள்ள கிருமி கையில் இல்லாமல் அந்த ஒப்பீடு நடந்திருக்காது. ஆகவே இப்படிப்பட்ட விசாரணைகளில், மாதிரி எடுத்த பிறகே கோபுரத்தைக் கிருமிநீக்கம் செய்வது விதி. குப்பிக்குள்ளும் நீரில் எஞ்சிய குளோரினை முறிப்பதற்காகச் சிறிதளவு சோடியம் தயோசல்ஃபேட்டை முன்கூட்டியே இட்டு வைக்கிறார்கள். வரிசை மாறி முதலில் குளோரின் ஊற்றப்பட்டால், பி.சி.ஆர். பிறகும் சில நாட்களுக்கு 'உண்டு' என்றே சொல்லிக்கொண்டிருக்கும், தட்டில் எதுவும் முளைக்காது.